பழைய ரசீது

போன வாரம் அப்துல் வஹாப் ராவுத்தர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "வியாழக்கிழமை மூணு மணிக்கு டோக்கன் போட்டாச்சு. வீடு நுஸைபாவுக்கு. இனி இதுல பேச்சில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

மகள் நுஸைபா அத்தாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிற சட்டை. காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மனிதர் முகம் சுளிப்பார்.

வீடு தனக்கு வேண்டாம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷமாகிறது. அத்தாவுக்குப் பிறகு தன் கதி என்ன என்று அவளும் யோசிக்காமலா இருந்திருப்பாள்? அண்ணன் உபைதுல்லாவுக்குச் சேர வேண்டிய பங்கும் சேர்ந்துதான் தன் பெயருக்கு வருகிறது என்பது தெரியும். தெரிந்தும் மனசு உறுத்தவில்லை. அம்மா மவுத்தாகி எட்டு மாதம் ஆகிறது. 'அம்மா போயிட்டாங்களா' என்று ஒரு வரி எழுதாத மகனுக்கு வீட்டில் என்ன பங்கு? அந்தக் கோபம் அவளுக்கு ரொம்பவும் வசதியாக இருந்தது.

போன் அடித்தது. அவர்களுடைய தேங்காய் மண்டியிலிருந்து கணக்குப்பிள்ளை ரெத்தினம்.

"பாப்பா, ஒரு சின்ன விஷயம். மெயில்ல இடம் நிரம்பப் போவுதுன்னு சிவப்பு எழுத்துல காட்டுது. எல்லாப் பயலும் கொப்பரையைப் போட்டோ பிடிச்சுப் பிடிச்சு அனுப்புறான் பாருங்க, அதான். வேண்டாததை அழிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தப் பக்கம் ‘பழைய ரசீது’ன்னு ஒரு ஃபோல்டர் கெடக்குது. அறுபத்து மூணு படிக்காம இருக்குது. மொத்தமா அழிச்சிடவா?"

நுஸைபாவின் கை நின்றது. சட்டை பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

"படிக்காம எத்தனை?"

"அறுபத்து மூணு."

"அழிக்காதீங்க. எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்."

"அட, ரசீதுதானே பாப்பா..."

அவள் போனை வைத்துவிட்டு, தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினாள்.

அது ரசீது இல்லை. அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான்.

மண்டிக்கு மெயில் முகவரி ஒன்றே ஒன்று. 2004-இல் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உபைதுல்லாவே திறந்து கொடுத்தது. தேங்காய் ஆர்டரும் அதில்தான், கொப்பரை விலையும் அதில்தான், சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையும் அதில்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாசல் போதாதா, ஆளுக்கொரு வாசலா வைப்பார்கள்? அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

2007-இல் மண்டியை இனி நீ பார் என்று அத்தா சாவியை நீட்டினார். தேங்காயை எண்ணிக்கொண்டு காலம் தள்ள என்னால் ஆகாது என்று உபைதுல்லா சொன்னான். அவன் மனைவி அனீஸாவின் வீட்டார் ஒரத்தநாட்டுக்காரர்கள், அவர்கள் மூலமாகச் சவூதிக்கு விசா வந்தது. கிளம்பிவிட்டான். அத்தா நேரே ஒரத்தநாட்டுக்குப் போய், சம்பந்தி அஹமது கபீரை நாலு பேர் நடுவில், "விசாவைக் காட்டி எம்புள்ளயத் திருடிட்டீங்க" என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றோடு அந்த வாசல் அடைபட்டது. மகன் போன் செய்தால் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்.

"அவன் பேரே என் கண்ணுல படக்கூடாது" என்று மண்டியில் உட்கார்ந்து சத்தம் போட்டார்.

நுஸைபா என்ன செய்தாள்? அத்தாவின் கோபத்துக்கும் அண்ணனின் கடிதத்துக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினாள். உபைதுல்லாவிடமிருந்து எது வந்தாலும் முன்பக்கத்தில் நிற்காமல் நேரே உள்ளே ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும்படி மெயிலில் ஏற்பாடு செய்தாள். அத்தாவுக்குச் சந்தேகம் வரக்கூடாதே, அதற்காக ‘பழைய ரசீது’ என்று பெயர் வைத்தாள். பிற்பகலில் மண்டிக்குப் போய் அதைத் திறந்து படிப்பாள், பதில் போடுவாள், வீட்டுக்கு வந்து அம்மாவின் காதில் சொல்வாள். நாலு வருஷம் இப்படியே நடந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமை.

2011-இல் அம்மா ஹபீபுன்னிசா படுத்துவிட்டாள். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை தஞ்சாவூருக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. மண்டிக்குப் போக நுஸைபாவுக்கு நேரமில்லை. புது போனும் புது நம்பரும் வாங்கி, மண்டி மெயிலை அதிலேயே வரும்படி செய்துகொண்டாள். ஆர்டர் வந்தால் 'டிங்' என்று ஒலிக்கும். சௌகரியமாகத்தான் இருந்தது.

அண்ணனின் மெயில் மட்டும் வரவில்லை.

வராதுதான். போனில் தெரிந்தது முன்பக்கம் மட்டும். கம்ப்யூட்டரில் போட்ட ஏற்பாடு கம்ப்யூட்டரோடு போயிற்று, போன் வேறு, இதில் எல்லாமே வரும் என்று அவள் நினைத்தாள். எங்கே திறந்தாலும் அதே மெயில், அதே ஏற்பாடு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவளே ஒன்று எழுதினாள்: 'என்மேலயும் கோபமா அண்ணே? உன் நம்பரும் எடுக்கல.' அதற்கும் பதில் இல்லை. பிறகு அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு ரோஷம் எல்லாம் கிடையாது. 'டிங்' என்றதும் தலையணையில் தலையைத் திருப்புவாள்.

"யாரும்மா? உங்கண்ணனா?"

"இல்லம்மா. கயித்துக் கம்பெனி."

எத்தனை தடவை அந்தப் பதிலைச் சொன்னோம் என்று ஆட்டோவில் போகும்போது நுஸைபாவுக்குக் கணக்கு வரவில்லை.

மண்டியில் உரிமட்டைத் தூசி பறந்துகொண்டிருந்தது. ரெத்தினம் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். நுஸைபா ஃபோல்டரைத் திறந்தாள். மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர், கறுத்துத் தடித்த எழுத்தில்: உபைதுல்லா, உபைதுல்லா, உபைதுல்லா.

படிக்காததில் அடியிலிருந்து ஆரம்பித்தாள். அவள் எழுதின அந்த ஒற்றை வரிக்கு இருபதே நிமிஷத்தில் பதில் வந்திருந்தது.

'உன்மேல எனக்கென்ன கோபம் தங்கச்சி? கம்பெனி மாறிட்டேன், நம்பரும் மாறிடுச்சு. புது நம்பர் கீழ இருக்கு. உன் பழைய நம்பர் எடுக்க மாட்டேங்குது. புதுசு அனுப்பு.'

அடுத்து ஒரு படம். துணியில் சுற்றிய குழந்தை. 'பொண்ணு பொறந்திருக்கா. ஹபீபுன்னிசான்னு பேர் வச்சிருக்கோம். அம்மாகிட்ட காட்டு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.'

நுஸைபா வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பெயரில் ஒரு பேத்தி இருப்பது தெரியாமலே அம்மா போய்ச் சேர்ந்தாள். அம்மா உயிரோடு இருந்தபோதே படம் பதினான்கு மாதம் இங்கே கிடந்திருக்கிறது. வீட்டிலிருந்து மண்டி பத்து நிமிஷத் தூரம்.

எது இருந்துவிடுமோ என்று அவள் பயந்தாளோ அதுவும் இருந்தது. அம்மா மவுத்தான அன்று காலையில் போனிலிருந்து அவள் எழுதின செய்திக்குப் பதில்கள். ஒன்றல்ல, ஆறு.

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"என்ன பாப்பா, ஏதும் முக்கியமான ரசீதா?" என்றார் ரெத்தினம்.

"ரசீது இல்லண்ணே. எல்லாம் எங்கண்ணன் எழுதுனது. அத்தா கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் இப்படி ஒதுக்கி வச்சேன்."

ரெத்தினத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே... அப்ப மொதலாளி தெனம் கேக்குறது இதைத்தானா?"

"என்ன கேப்பாரு?"

"காலையில கடையைத் தொறந்ததும் மெயிலைத் தொறக்கச் சொல்லுவாரு பாப்பா. யார் யார் எழுதிருக்காங்க, எல்லாப் பேரையும் படிம்பாரு. ஆர்டரை மட்டும் படிச்சா கோவம் வந்துரும். வெளம்பரத்தைக்கூட விடக்கூடாது. கடைசிப் பேர் வரைக்கும் படிச்சு முடிச்சா, 'அவ்வளவுதானா?'ம்பாரு. வியாபாரத்துல எவ்வளவு கண்ணுன்னு நான்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவன் பேரே கண்ணில் படக்கூடாது என்றவர். நுஸைபா அந்தச் சொல்லை மெய்யென்று எடுத்துக்கொண்டாள். தன் சொந்த அத்தாவை அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

கடைசி மெயிலையும் படித்தாள். மே இரண்டாம் தேதி வந்தது.

'தங்கச்சி, கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. இது கம்பெனி மெயில், மாசக் கடைசியோட இதுவும் நம்பரும் போயிடும். மே மாசம் முழுக்கப் பதிலுக்குக் காத்திருப்பேன். அத்தா வாய்லேருந்து 'வா'ன்னு ஒரு சொல் போதும். இல்லன்னா இதான் பதில்னு எடுத்துக்கிட்டு இனி எழுத மாட்டேன்.'

இன்று ஜூன் பதின்மூன்று.

பத்திர வேலையாக வெளியே போயிருந்த அத்தா இரண்டு மணிக்குக் காரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு பத்திரம் முடிக்கப் போக வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் கூடப் போகலாம். ஃபோல்டரை அழிக்க ஒரு அமுக்கு போதும். வீடு அவள் பெயருக்கு வந்துவிடும், ரெத்தினத்திடம் கெஞ்சினால் அவரும் வாய் திறக்க மாட்டார். இந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. தலையணையில் தலையைத் திருப்பும் அம்மாவின் முகம் ஞாபகம் வந்ததும் போய்விட்டது.

அத்தா வந்தபோது மேஜை எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனா ஆளைக் காணோம். இங்க என்ன பண்றே? நேரமாவுது, கெளம்பு."

"அத்தா, கையெழுத்துப் போட வேணாம்."

"என்ன?"

"அண்ணன் எழுதாம இல்ல. எழுதிக்கிட்டேதான் இருந்திருக்கு. நான்தான்..."

முழுவதையும் சொன்னாள். சுவர் எழுப்பியது, பெயர் வைத்தது, போன் வாங்கியது, எதையும் மறைக்கவில்லை. அப்துல் வஹாப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில், "படி" என்றார்.

"எதை அத்தா?"

"உங்கம்மா மவுத்தான அன்னிக்கு எழுதுனதை."

படித்தாள்.

'யா அல்லாஹ். டிக்கெட் பாக்குறேன் தங்கச்சி.'

'கொழும்பு வழியா கெடச்சிருச்சு. அத்தா என்னை வாசப்படி ஏத்துவாரா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு.'

'மையித்து வச்ச வீட்டுல என்னால சண்டை வரக்கூடாது. நீ வான்னு சொன்னா ஏறிடுறேன்.'

'ஏர்போர்ட்ல நிக்கிறேன்.'

'கவுண்டரை மூடுறாங்க தங்கச்சி.'

ஆறாவது ஒரே ஒரு சொல்: 'அடக்கியாச்சா?'

வாசலில் லாரி ஒன்று பின்னுக்கு வந்து நின்றது. ஆட்கள் தேங்காய் இறக்கத் தொடங்கினார்கள்.

"மையித்தை மத்தியான லுஹர் தொழுகைக்கே எடுத்துடலாம்னு ஜமாஅத்துல எல்லாரும் சொன்னாங்க" என்றார் அப்துல் வஹாப் மெதுவாக. "சாயங்காலம் அஸர் வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் பிடிவாதமா வச்சிருந்தேன். யாருக்காக வச்சிருந்தேன்னு நெனச்சே?"

நுஸைபா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை அடிச்சுப்போடுங்க அத்தா."

"உன்னை எதுக்கு அடிக்கிறது? நீ மறைச்சே. மறைக்கச் சொன்னவன் நான்ல?" அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். "வாய் கொழுத்துப்போய் ஒரு வார்த்தை சொன்னேன். அதை மாத்திச் சொல்ல ஆறு வருஷமா எனக்கு வாய் வரல. கேடு கெட்டவன் நான்."

பத்திரக்காரரிடமிருந்து போன் வந்தது. எடுத்து, "இன்னிக்கு இல்ல. என்னிக்குன்னும் தெரியாது" என்று சொல்லி வைத்தார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"எழுது. அத்தா வரச் சொன்னேன்னு எழுது."

"அந்த மெயில் போன மாசத்தோட..."

"எழுதுன்னா எழுது."

எழுதினாள். 'அண்ணே, அத்தா பக்கத்துல இருக்காங்க. வான்னு சொல்றாங்க. உன் மெயில் எதையும் நாங்க பாக்கல. தப்பு என்னோடது.' அனுப்பினாள். அனுப்பிய கையோடு அந்தப் பழைய ஏற்பாட்டையும் தேடி எடுத்தாள். உபைதுல்லா பெயரில் வருவது இனி முன்பக்கத்துக்கே வரட்டும்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'டிங்.'

"வந்துருச்சா?" அப்துல் வஹாப் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவினார். "என்ன எழுதிருக்கான்? படி, படி!"

அப்படி ஒரு ஆசையை அவர் முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. பொய் சொல்லத்தான் நாக்கு வந்தது. இத்தனை வருஷம் நல்லதுக்கென்று மறைத்தது போதும் என்று அடக்கிக்கொண்டாள்.

"அண்ணன் இல்லத்தா. அப்படி ஒரு முகவரியே இப்ப இல்லன்னு நம்ம மெயில் திரும்பி வந்திருக்கு."

அவர் கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டார். நம்பரையும் போட்டுப் பார்த்தாள். அரபியில் ஏதோ ஒரு பெண் குரல் சொல்லி, அதுவும் அறுந்தது.

"கெளம்பு" என்றார் அப்துல் வஹாப்.

"எங்க அத்தா?"

"ஒரத்தநாட்டுக்கு."

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆறு வருஷமாக அந்தச் சாலையில் போக வேண்டி வந்தால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனவர், காரில் முன்சீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தார். இருபுறமும் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்துக் காய்ந்த வயல். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன பேர் வச்சிருக்கான்னு சொன்னே?"

"ஹபீபுன்னிசா."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஹமது கபீர் வீட்டு இரும்புக் கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது. கார் சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் தாழில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் சலாம் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அப்துல் வஹாப் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி."

"வ அலைக்குமுஸ்ஸலாம்." பதில் வந்தது. கேட் திறக்கவில்லை.

"நான் பேசுனதெல்லாம் தப்பு. மாப்பு கேக்கத்தான் வந்தேன். எம்மகன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. எங்க இருந்தாலும் நானே போறேன்."

கபீர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபமாகப் பேசத்தான் வாயெடுத்தார். எதிரே நின்ற ஆளின் கோலத்தைப் பார்த்து அந்தக் கோபம் பாதியில் அடங்கியது போலிருந்தது.

"இப்ப வந்து கேக்குறீங்களே சம்பந்தி. போன மாசம் இருபத்தாறு நாள் இந்த வீட்டுலதான் இருந்தான். பொண்டாட்டி புள்ளையோட வந்து, அம்மா கபருக்குப் போயிட்டு வந்து, இதோ இந்த வேப்பமரத்தடியில நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பான். பொழுது விடிஞ்சா போனை எடுத்து மெயில் பாப்பான். சாப்பிடக் கூப்பிட்டா, 'இருங்க மாமா, ஒரு பதில் வரவேண்டியிருக்கு'ன்னு சொல்லுவான்."

நுஸைபா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத் தூரத்தில் அண்ணன் இருந்திருக்கிறான். அவன் ஒரு திரையைப் பார்த்தபடி, அத்தா மண்டியில் ஒரு திரையைப் பார்த்தபடி, அவள் வீட்டில் ஒரு திரையைப் பார்த்தபடி. மூன்று பேரும் பார்த்தது ஒரே பதிலுக்காகத்தான்.

"மாமா, அண்ணன் கோபமா போச்சா?" என்று கேட்டாள்.

"கோபப்பட்டிருந்தாத்தான் நல்லதும்மா. சிரிச்சுக்கிட்டே போனான். 'பதில் வந்துருச்சு மாமா'ன்னுட்டுப் போனான்."

அப்துல் வஹாப் கேட்டை இன்னும் நெருங்கி வந்தார். "இப்ப எங்க இருக்கான்?"

கபீர் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தாழில் இருந்த கை நகரவில்லை.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போயிருக்கான்."

நுஸைபாவின் கையில் போன் 'டிங்' என்றது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.